ஒற்றை விரல் வேகம்

செய்திகளைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் மோடத்தைச் சரிசெய்து மாட்டிய மெக்கானிக் வேல்பாண்டிக்குச் சிரிப்பு வந்தது.

"பழைய எட்டு பிட் கம்ப்யூட்டர்தான். அதுக்காக எழுத்து வர்ற வேகத்தை நூத்திப்பத்துலயா வச்சிருக்கீக? ரெண்டாயிரத்து நானூறு தாங்கும் சார்."

"இதுவே போதும்ணே," என்றான் நாராயண்.

காரைக்குடி மதியம் அசையாமல் கிடந்தது. நீலத் திரையில் ஆங்கில எழுத்துகளில் தமிழ் ஒவ்வொன்றாய்ப் பூத்தது. 'சாப்பிட்டீகளா?' நாராயணின் உதடுகளும் கூடவே அசைந்தன.

"வீட்டுக்காரவுகளா சார்?"

"ஆமாண்ணே, விசாலி. ஒத்தை விரல்லதான் தட்டுவா."

"அவுக மெதுவா தட்டட்டும். வர்றதாச்சும் சட்டுன்னு வரட்டுமே!"

நாராயண் தடுப்பதற்குள் வேல்பாண்டி வேகத்தைக் கூட்டிவிட்டார். ஒரு மூச்சில் திரை நிரம்பியது.

"வேண்டாம்ணே! குறைங்க!"

வேல்பாண்டி கடைசி வரியைப் படித்தார். 'மழை வருது. மாடித் துணியை எடுங்க.' சன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது.

"அவுக இருக்கிற ஊர்ல மழையா சார்?"

"இந்த ஊர்லதான். போன ஐப்பசியில."

நாராயண் மேசையில் இருந்த போனைத் தொட்டான்.

"இது அவ போன். கார்த்திகையில தவறிட்டா. அவ அனுப்புனதை எல்லாம் இதுலருந்து அந்தப் பெட்டிக்கு விடுறேன். போன்ல பார்த்தா மொத்தமாக் கெடக்கு. நூத்திப்பத்துல விட்டாத்தான் அவ உக்காந்து தட்டுற மாதிரி இருக்கு."

வேல்பாண்டி வேகத்தைப் பழையபடி இறக்கி, முதலிலிருந்து ஓடவிட்டார்.

எழுத்துகள் நிதானமாக வந்தன. திரையில் 'மழை' என்ற சொல் முடிந்ததும் நாராயண் எழுந்து, துணி எடுக்க மாடிப்படி ஏறினான்.