விற்றது ஒன்று

உலகத்தார் அனைவருக்கும் ஒரு முக்கிய அறிவிப்பு: கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, தடையற்ற சந்தையில் ஒரே ஒரு மனிதர் தம் விருப்பப்படி ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அவர் யாரென்று யாருக்கும் தெரியாது. கூட்ட அறையில் ஒன்பது பேர் விற்பனை அறிக்கையைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணா?" என்றார் துணைத் தலைவர்.

"ஒண்ணுதான் சார்," என்றார் காலாண்டு.

காலாண்டு என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். கணினிக்கு இயங்குதளம் செய்து விற்கும் அந்தப் பெரிய நிறுவனத்தில் அவருக்கு ஒரே வேலை, மூன்று மாதத்துக்கு ஓர் அறிக்கை. இதுவரை எழுதிய பதினோரு அறிக்கைகளிலும் விடை பூஜ்ஜியம்.

விஷயம் இதுதான். பாட்டும் படமும் ஓட்டும் செயலியை இயங்குதளத்தோடு சேர்த்துக் கட்டி விற்கிறார்கள், எங்கள் பிழைப்பு போகிறது என்று அதே மாதிரி செயலி விற்ற சின்ன நிறுவனங்கள் வழக்குப் போட்டன. அந்தச் செயலி இல்லாத பதிப்பு ஒன்றையும் விற்றாக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. விலையைப் பற்றித் தீர்ப்பு வாய் திறக்கவில்லை.

எனவே நிறுவனம், கைப்பிடி இல்லாத குடையைக் கைப்பிடி உள்ள குடையின் விலைக்கே கடையில் வைத்தது. வழக்குப் போட்டவர்கள் தீர்ப்பு வருவதற்குள்ளேயே கடையைக் கட்டியிருந்தார்கள்.

தீர்ப்பின் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது: மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒன்றுகூட விற்காவிட்டால் உத்தரவு காலாவதி. உத்தரவு போனால் அறிக்கை போகும். அறிக்கை போனால் காலாண்டும் வீட்டுக்குப் போவார். அவருக்கு ஓய்வுபெற ஐந்து ஆண்டு பாக்கி, மகள் படிப்பு முடிய நான்கு. இது பன்னிரண்டாவது அறிக்கை.

மேசைக்கு எதிர்ப்பக்கம், உத்தரவைக் கண்காணிக்கும் அரசுப் போட்டி ஆணையத்தின் அதிகாரி. அவரும் காலாண்டும் மூன்று வருடமாக எலியும் பூனையும். ஒரு கமா இடம் மாறியதற்கு நாலு பக்க விளக்கம் கேட்ட மனிதர், இன்றைக்குக் கொட்டாவி விட்டபடி அறிக்கையை வாங்கிப் பையில் வைத்தார்.

"உடம்பு சரியில்லையா சார்?"

"உடம்புக்கு என்ன. வீட்லதான் பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. பத்து நாளா வீட்டுக்காரி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கா."

வீட்டுக்கு வீடு வாசற்படி என்று காலாண்டு தலையாட்டினார். அதிகாரி போனதும் துணைத் தலைவர் கதவைச் சாத்தினார்.

"அந்த ஆளு தெரியாமத்தான் வாங்கியிருக்கணும். தெரிஞ்சு எவனாவது இதை வாங்குவானா? நேர்ல போய், 'தவறுதலாக வாங்கிவிட்டேன்'னு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. விற்பனை ரத்து, உத்தரவும் காலி."

"அப்ப என் பிரிவு, சார்?"

"எத்தனை நாள்தான் நீங்களும் உழைப்பீங்க? கொஞ்சம் ஓய்வெடுங்களேன்."

உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டிவரச் சொல்லி அரிவாளையும் கையில் கொடுத்தாயிற்று. கடிதம் தயாராக அடித்து வந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. காலாண்டு அதைக் கோப்பில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினார்.

கடை ரசீதிலிருந்து எடுத்த விலாசத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. நான்காவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார். மூச்சைவிட மகளின் கல்லூரிதான் அதிகம் கனத்தது.

கதவைத் திறந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டர் கம்பெனியிலேர்ந்து வரேம்மா. நீங்க வாங்கின..."

"அந்த ஊமைப் பெட்டியா? தாராளமா தூக்கிட்டுப் போங்க. நான் எங்க வாங்கினேன், என் பேர்ல அவரு வாங்கினாரு."

காலாண்டு கோப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "தெரியாம வாங்கிட்டாராம்மா?"

ஆமாம் என்று அவள் சொல்லிவிட்டால் முடிந்தது.

"தெரியாமலா? கடைக்காரர் மூணு தடவை வேணாம்னாராம். சண்டை போட்டு வாங்கிட்டு வந்திருக்காரு. சரி, பாட்டுக்கு வேற ஏதாவது இறக்கிக்கலாம்னா அதுவும் கூடாதாம். அவரு உத்தியோகத்துக்கு யார் பக்கமும் சாயக்கூடாதாம்."

உள்ளிருந்து பனியனோடு ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். கண்ணாடியை மாட்டியதும் அப்படியே நின்றுவிட்டார்.

ஆணையத்தின் அதிகாரி.

அதிகாரி நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளி ஓரமாக வைத்தார். "உட்காருங்க சார். நாலு மாடி ஏறியிருக்கீங்க."

"நீங்களா சார்?"

"அங்க எனக்கும் ஒரே வேலைதான் சார். உங்க அறிக்கையைப் படிக்கிறது."

அம்மாள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மேசை ஒரு பக்கம் ஆடி, தேநீர் தட்டில் சிந்தியது.

காலாண்டு கோப்பைத் திறந்தார். கடிதத்தை எடுத்து, எட்டாக மடித்து, குனிந்து மேசைக் காலுக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது.

அதிகாரி தேநீரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இனி மூணு வருஷத்துக்குக் கவலை இல்லை. அடுத்தது உங்க முறை, சார்."