கீபோர்டில் பொட்டு

ஆயுத பூஜைக்கு அலுவலகத்தின் எல்லா கீபோர்டுகளிலும் வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் காயவில்லை. மறுநாள்வரை அவற்றைத் தொடக்கூடாது. ஆனால் சூடம் காட்டிய கையோடு முதலாளி தணிகாசலம், கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் சிவரஞ்சனியைக் கூப்பிட்டார்.

“நல்ல நாள்மா. யார் எவ்வளவு நேரம் வேலை பாக்குறாங்கன்னு கணக்கெடுக்குற சாஃப்ட்வேரை நம்ம லினக்ஸ் கம்ப்யூட்டர்ல இப்பவே போட்டுடு. எல்லாரும் சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறீங்க.”

அவள் தன் கீபோர்டிலிருந்த பொட்டைத் துப்பட்டாவால் அழித்தாள். ஒவ்வொரு கட்டளைக்கும் என்டரை ஓங்கிக் குத்தினாள். நிறுவி முடித்ததும், பொரி தின்றுகொண்டிருந்த அத்தனை பேரின் பெயரும் ‘வேலையில் இல்லை’ என்று திரையில் சிவப்பாக வந்து நின்றது.

“பாத்தியா? இது என் ரூம்லயும் தெரியணும்.”

அவர் அறைக்குப் போய் அந்தக் கீபோர்டையும் துடைத்தாள். இன்றைய சந்தனம் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அதற்கடியில் போன வருஷத்துப் பொட்டு, இரண்டு பட்டன்களைச் சேர்த்துப் பிடித்தபடி, ஒரு விரிசல்கூட இல்லாமல் இறுகிக் கிடந்தது. அதை அவள் சுரண்டவில்லை.

“என்னம்மா, இன்னுமா முடியலை?”

கீபோர்டை அவர் முன்னால் தள்ளினாள்.

“பாஸ்வேர்டு நீங்கதான் அடிக்கணும், சார்.”