மூன்றாவது கோப்பை

சாப்பாட்டு மேசையை என் பொம்மை ரயில் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் ஆகிறது. "இந்தப் பதினேழாவது பேரிங்கும் சொதப்புச்சுன்னா மேசையைக் காலி பண்ணிடணும், ஆமா," என்று கறாராகச் சொல்லிவிட்டு, மனைவி இரண்டு கோப்பை டீயோடு எதிரில் உட்கார்ந்தாள். ஒரு முறை ஊதினால் ரயில் பெட்டி மேசையின் கோடி வரை ஓட வேண்டும். அதுதான் பந்தயம்.

தீர்ந்துபோன பேனா ரீஃபில்களின் பித்தளை முனைகளை வெட்டி, அவற்றின் குழிகளில் சக்கர அச்சின் கூர்முனைகள் உட்காரும்படி பொருத்தியதுதான் அந்தப் பதினேழாவது பேரிங். தண்டவாளத்தின் மேல் ரசமட்டம் வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது; சாய்வே இல்லை. மூடியில்லாத சரக்குப் பெட்டியை வைத்து, ஊத வாயைக் குவிப்பதற்குள் அது தானே கிளம்பி, கோடியில் காலியாக இருந்த நாற்காலியின் முன்னால் போய் நின்றது.

"மேசை சாஞ்சிருக்குங்க. இது செல்லாது."

குனிந்து பார்க்க இடைஞ்சலாக இருந்த அந்த நாற்காலியைத் தூக்கி மறுகோடியில் போட்டேன். பெட்டியும் திரும்பி அங்கே வந்து நின்றது.

"அட, அது யாரையோ பார்க்கப் போகுதுங்க!" மனைவி சிரித்துக்கொண்டே பெட்டியை இழுத்து, சர்க்கரைக் கட்டி ஒன்றை அதில் வைத்தாள். போனது. மேசை யாருக்கு என்று நாங்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது காலியாகத் திரும்பி வந்தது.

"இனிப்பு பத்தலையாம்," என்று இன்னொரு கட்டியை வைத்தாள். அசையவில்லை. ஊதினேன். அப்போதும் அசையவில்லை.

"வெறும் சர்க்கரையை எப்படிச் சாப்பிடறதாம்?" என்று எழுந்துபோய், மூன்றாவது கோப்பையில் டீ ஊற்றி அந்த நாற்காலியின் முன்னால் வைத்தாள்.

பெட்டி கிளம்பியது.