திரும்பினால் அவுட்

"பெரியமுத்து அண்ணே, ஒங்க வீட்டு ஓட்டு நாலும் நமக்குத்தானே?" என்று கும்பிட்டுவிட்டு அடுத்த வாசலுக்கு நடந்தான் ராஜசேகர்.

பஞ்சாயத்து எலெக்‌ஷன் என்று நினைத்துவிடாதீர்கள். பீர்மேட்டில் ஜீப் ஓட்டுகிற இவன், ஆறு மாசமாக மண்டையை உடைத்து ஒரு மொபைல் கேம் செய்திருந்தான். கேம் போட்டி ஒன்றுக்கு இணையத்தில் ஓட்டெடுப்பு. முதல் பத்துக்குள் வந்தால் கொச்சியில் ஒரு கம்பெனியில் வேலை. இன்று கடைசி நாள், இவன் இருப்பதோ பதினோராவது இடம்.

கேமின் பெயர் 'வாட்சர்'. தேயிலைக் காட்டுப் பனியில் ஒரு காவல்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு முன்னால் போவார். அவர் திரும்பத் தொடங்கியதும் நாம் ஓடிவிட வேண்டும். முழுதாகத் திரும்பிப் பார்த்துவிட்டால் அவுட்.

விளையாடியவர்கள் பட்டியலில் பெயர் போடாத யாரோ ஒருத்தர் முந்நூறு தடவைக்கு மேல் அவுட். ஓடுகிற பட்டனை ஒரு தரம்கூடத் தொடவில்லை. 'ஓடத் தெரியாத ஆளே விளையாடுது, நீங்க ஓட்டாவது போடுங்க' என்று அதையும் ஸ்டேட்டஸில் போட்டுச் சிரித்திருந்தான், மகராசன்.

எஸ்டேட் லயத்தில், வரிசை வீடுகளின் எல்லா வாசலிலும் நின்றவன், கடைசி வீட்டை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு தாண்டினான். அது சாந்தம்மாள் வீடு. அவள் புருஷன் அழகுமலை நிஜமாகவே எஸ்டேட் வாட்சர். போன வருஷம் ஆடி மழையில் காவலுக்குப் போனவர் திரும்பவே இல்லை. கேமில் இருப்பது அவர் முகம்தான். கோயில் கொடை விழாவில் எடுத்த போட்டோவிலிருந்து, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துப் போட்டிருந்தான்.

"ராசு, இங்க வாய்யா."

திரும்பிப் பார்த்தான். சாந்தம்மாள் கையில் மகளுடைய போன், திரையில் அவனுடைய பனி. நாலு வசவு வைதாலும் தேவலை என்றிருந்தது. வெட்கத்தில் காதெல்லாம் சுட, மன்னிச்சிருங்க அத்தே, கேமையே எடுத்துருதேன் என்று முணுமுணுத்தான்.

எடுக்க வேண்டாம் என்றாள். ஓட்டும் போட்டாயிற்றாம். அவனுக்கு நம்ப முடியவில்லை, போனை எட்டிப் பார்த்தான். மூலையில் 'அவுட் 341' என்றிருந்தது.

திரையைத் தொட்டுக் காட்டி, "அவரு திரும்பும்போது இந்தப் பட்டன அமுக்கி ஓடணும் அத்தே," என்றான்.

"ஓடிட்டா அவுக மொகத்த எப்படிய்யா பாக்குறது?"