பன்னிரண்டாவது ஆள்

வீட்டுக்கு வந்த புதுக் கம்ப்யூட்டரில் அட்மின் கணக்கு மனைவியுடையது. அவளுடைய பாஸ்வேர்ட் இல்லாமல் வேறு யாரும் அதில் எதையும் ஏற்ற முடியாது.

"அவசரமா ஒரு புரோகிராம் ஏத்தணும். பாஸ்வேர்டைச் சொல்லு" என்றான் கணவன்.

"தள்ளுங்க, நானே அடிக்கிறேன். என்ன புரோகிராம்?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது."

"அப்ப ஏத்த வேண்டாம்."

"கட்டின புருஷன்கிட்டகூடச் சொல்ல மாட்டியா?"

"மாட்டேன். கோவிச்சுக்கிட்டாலும் சரி."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசல்வரை போனவன், சிரித்தபடி திரும்பினான்.

"இன்னிக்கு எங்க ஆபீஸ்ல பாதுகாப்புச் சோதனை. யாரெல்லாம் பாஸ்வேர்டை உளறுவாங்கன்னு பதினோரு பேர்கிட்ட இப்படித்தான் கேட்டேன். மேனேஜர்கூட மடமடன்னு ஒப்பிச்சுட்டார். பன்னிரண்டாவது ஆள்கிட்டதான் தோத்தேன்" என்றான், பரிசு வாங்கியவன் போல.