ஏரிக்கரை மரியாதை

"சட்டையையே கழட்டிச் சுழட்டறாரு பாரு! ஆட்டு வெண்டல், நல்லா கையை ஆட்டு!"

பாறைமேல் நின்ற அந்த வழுக்கைத்தலை மனிதர் முதலில் வைக்கோல் தொப்பியை ஆட்டினார். அப்புறம் இரண்டு கைகளையும், இப்போது சட்டையை. ஏதோ கத்தவும் செய்தார். பின்னால் கட்டியிருந்த சிவப்புப் படகையும் சேர்த்து இழுத்த அவர்களுடைய விசைப்படகின் மோட்டார் உறுமியதில் ஒன்றும் காதில் விழவில்லை.

"உங்களுக்கும் வணக்கம்!" என்று பதிலுக்குக் கத்திய கொரின், கழுத்துத் துணியை அவிழ்த்துச் சுழற்றினாள். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

போன கோடையில் இந்த ஏரியின் படகுச் சங்கம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. எதிரே படகில் வந்தவர்களுக்குக் கையாட்டவில்லையாம், டொரன்டோ நகரத்துத் திமிராம். சங்கத்தில் இல்லாதவர்களை இங்கே ஒரு விருந்துக்கும் கூப்பிட மாட்டார்கள். கோடை முழுக்கக் குடிலில் கணவன் வெண்டலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் கொரினுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதனால் இந்த வருடம் ஒருவரையும் விடவில்லை. வாத்துக்குக்கூட டாட்டா காட்டினாள்.

ஊர்த் துறையில் சங்கச் செயலாளர் மியூரியல் அன்றைய கச்சேரிக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது யாரோட படகு?"

"ஒரு தீவோரமா கேட்பாரில்லாமக் கிடந்துச்சு, மியூரியல். அலை அடிச்சுக்கிட்டுப் போயிடுமேன்னு இழுத்துட்டு வந்தோம்" என்றாள் கொரின் பெருமையாக.

அந்த ஊரில் பாதிப் படகு சிவப்புதான். யாருடையது என்று மியூரியலுக்கும் தெரியவில்லை.

வெண்டல் படகுக்குள்ளிருந்த குடுவையைத் திறந்து முகர்ந்தான். "காபி இன்னும் சூடா இருக்கே கொரின்..."

"சும்மா இரு. நல்லது பண்ணா உனக்குப் பொறுக்காதே."

மியூரியல் அவள் தோளைத் தட்டினாள். "இந்த மனசுதான் எங்களுக்கு வேணும். தலைவர் தோர்பர்ன்கிட்ட நானே சொல்றேன். சாயங்காலம் மேடையில உங்க பேரை அறிவிச்சுடுவாரு."

தோர்பர்னை கொரின் பார்த்ததே இல்லை. இருந்தாலும் நல்ல உடுப்பாக மாற்றிக்கொண்டு, ஒரு தட்டு நிறைய பட்டர் டார்ட் இனிப்புகளோடு வந்து, சிவப்புப் படகின் பக்கத்திலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றாள்.

வாத்தியக்காரர்கள் வந்தார்கள். கூட்டமும் வந்தது. தலைவரை மட்டும் காணோம்.

கடைசியில் காவல் படகு ஒன்று துறையில் வந்து நின்றது. கம்பளி போர்த்திய ஒருவர் தள்ளாடி இறங்கினார். வழுக்கைத்தலை வெயிலில் வெந்து சிவந்திருந்தது. கையில் வைக்கோல் தொப்பி.

"தலைவரே! என்ன ஆச்சு?" என்று மியூரியல் ஓடினாள்.

"மத்தியானத்திலேர்ந்து தீவுல மாட்டிக்கிட்டு, காப்பாத்துங்கன்னு கையாட்டறேன்! போற படகெல்லாம் பதிலுக்குக் கையாட்டிட்டே போகுது!"

கூட்டத்தில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். தோர்பர்னின் பார்வை சிவப்புப் படகில் விழுந்து, மெல்ல கொரினின் முகத்துக்கு ஏறியது.

என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷத்தில், அவள் கையை ஆட்டினாள்.

"கையை இறக்கும்மா. என் படகை இழுத்துட்டுப் போனதே நீதான்!"