பன்னிரண்டு தவளைகள்

கல்லூரிக் குளத்தில் ஹாஸ்டல் சாக்கடை கலந்ததில் தவளைகளில் மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான். குளத்து உயிர்களை எண்ணி எழுத வேண்டிய சுற்றுச்சூழல் மாணவர்களோ கேன்டீனில் உட்கார்ந்து, சீனியர் நோட்டைப் பார்த்து வருஷா வருஷம் 'தவளைகள் 12' என்று எழுதிவந்தார்கள்.

"பன்னிரண்டு இருக்குன்னு எழுதினா சாக்கடையை யாரு நிறுத்துவா? நானே போய் நிக்கிறேன்" என்றது தவளை.

"வெயில்ல கருவாடா காய்ஞ்சு போவே" என்றது நத்தை.

"ஆனது ஆகட்டும்."

கொதிக்கிற சிமெண்டுத் தரையைத் தாவித் தாவிக் கடந்தது. இரண்டு தடவை செருப்புக் காலில் மிதிபடாமல் தப்பியது. மூச்சிரைக்கக் கேன்டீன் மேஜையேறி, பெனிட்டா என்ற மாணவியின் நோட்டில் அந்த 12-க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தது.

பெனிட்டா பேனாவை நிறுத்தி அதையே உற்றுப் பார்த்தாள். தவளைக்கு நம்பிக்கை வந்தது.

"நான் மட்டுந்தான் இருக்கேன் தாயி, ஒண்ணுன்னு எழுது" என்று தொண்டை வீங்கக் கத்தியது.

அவள் பன்னிரண்டை அடித்துவிட்டுப் பதின்மூன்று என்று எழுதினாள்.

தவளை ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது. பிறகு பக்கத்து மேஜையில் விரித்திருந்த நோட்டைக் குறிவைத்துப் பின்னங்கால்களை மடக்கியது.